விளையாட்டு வர்ணனையாளர் ஆவது எப்படி? வானொலிப் பெட்டியிலிருந்து தொலைக்காட்சி அரங்கம் வரை முழுமையான வழிகாட்டி

விளையாட்டு வர்ணனைக்கு வர விரும்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, ஒரு முழு ஆட்டத்தை வானொலியில் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? பெரும்பாலானவர்களிடம் பதில் இருக்காது. குரல் நன்றாக இருக்கிறது, புள்ளிவிவரங்கள் விரல் நுனியில் இருக்கின்றன, ஆனால் கேட்ட பழக்கம் இல்லை. இந்தத் தொழிலின் அடிப்படை அத்தனையும் வானொலியில்தான் இருக்கிறது. தொலைக்காட்சியில் மட்டுமே வேலை பார்க்கப்போகிறவருக்கும் அதுதான் பள்ளிக்கூடம். ஆட்டத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதைக் காட்டத் தெரிந்துவிட்டால், பார்த்துக்கொண்டிருப்பவரிடம் எதையெல்லாம் சொல்லாமல் விடலாம் என்பதும் புரிந்துவிடும். அதனால் இந்த வழிகாட்டியையும் வானொலியிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் நாற்காலி எது?

வெளியிலிருந்து பார்த்தால் மைக் பிடித்தவர்கள் எல்லோரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். உள்ளே வேலைகள் வேறு வேறு. வர்ணனையாளர், நடப்பதை நடக்கும் நொடியிலேயே சொல்பவர். அவருக்குப் பக்கத்தில் அமரும் ஆய்வாளர், அது ஏன் அப்படி நடந்தது என்று விளக்குபவர்; அநேகமாக முன்னாள் வீரராகவோ பயிற்சியாளராகவோ இருப்பார். தொகுப்பாளர் ஒளிபரப்பு அரங்கத்தில் (ஸ்டூடியோவில்) அமர்ந்து நிகழ்ச்சியை நடத்துபவர்; விருந்தினர்களைப் பேசவைப்பது, நேரத்தைக் காப்பது, மைதானத்துக்கும் அரங்கத்துக்கும் நடுவே பாலமாக இருப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மைதானச் செய்தியாளர் எல்லைக்கோட்டருகே நின்று காயம், மாற்று வீரர், பேட்டி என்று ஓடிக்கொண்டிருப்பவர்.

உயர்மட்டத்தில் விளையாடாத ஒருவருக்கு ஆய்வாளர் நாற்காலி கிடைப்பது அரிது. மற்ற மூன்றும் எல்லோருக்கும் திறந்தவை. கிரிக்கெட் வானொலி வர்ணனையின் பெரும் பெயர்களில் ஒருவரான ஜான் ஆர்லட், காவல்துறையில் பணியாற்றியவர், கவிதை எழுதியவர்; 1946-இல் வர்ணனைக்கு வந்தார். விளையாடியவர்களுக்கும் வாசல் தானாகத் திறந்துவிடுவதில்லை. ஆஸ்திரேலியாவுக்காக 63 டெஸ்ட் ஆடிய ரிச்சி பெனோ, ஆட்டக்காரராக இருந்தபோதே, 1956 இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் முடிந்ததும் அங்கேயே தங்கி, பிபிசியில் தொலைக்காட்சிப் பயிற்சி பெற்றார். பிறகு அரை நூற்றாண்டு அவர் குரல் நிலைத்ததற்கு அந்தச் சில வாரங்களும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

காதைப் பழக்குதல்

1927 ஜனவரி 15 அன்று லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் இங்கிலாந்தும் வேல்ஸும் ரக்பி ஆடின. பிபிசியின் முதல் நேரடி விளையாட்டு வர்ணனை அன்றுதான் ஒலிபரப்பானது. வர்ணித்தவர் டெடி வேக்லம் என்ற முன்னாள் ரக்பி வீரர். மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்து எண்ணிட்ட படம் ஒன்று ரேடியோ டைம்ஸ் இதழில் அச்சாகியிருந்தது. வேக்லம் ஆட்டத்தைச் சொல்லச் சொல்ல, பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இன்னொரு குரல் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தது. பார்வையற்ற ஒருவரை வேக்லமுக்கு அருகில் அமரவைத்து, அவருக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு பேசுமாறும் ஏற்பாடு செய்திருந்தார்கள். நூறாண்டு நெருங்கப்போகிறது, இதைவிடச் சிறந்த பயிற்சி முறை எனக்குத் தெரியவில்லை.

அதையே நீங்கள் வீட்டில் செய்யலாம். ஓர் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் ஒலி இல்லாமல் ஓடவிடுங்கள். கைப்பேசியில் பதிவைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் வர்ணியுங்கள். அந்தப் பதிவை ஆட்டத்தைப் பார்க்காத நண்பர் ஒருவரிடம் கொடுத்து, காகிதத்தில் ஒரு மைதானத்தை வரைந்து, பந்து போன பாதையைப் பென்சிலால் இழுக்கச் சொல்லுங்கள். முதல் தடவை அவர் பென்சில் பாதி நேரம் அந்தரத்தில் நிற்கும். "இடது பக்கம் என்றாய், யாருக்கு இடது?" என்று கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்துதான் உங்கள் உண்மையான பயிற்சி தொடங்குகிறது. அவருடைய கோடும் ஆட்டமும் ஓரளவு பொருந்தும்வரை இதை விடாதீர்கள்.

வானொலி வர்ணனை: மூன்று கடன்கள்

பந்து எங்கே, யாரிடம், ஸ்கோர் என்ன. இந்த மூன்றையும் கேட்பவருக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டும் ஆட்டத்தோடு இயல்பாக வந்துவிடும். மூன்றாவதுதான் நழுவும். உங்களுக்கு எதிரே பலகையில் ஸ்கோர் பளிச்சென்று தெரிவதால், கேட்பவருக்கும் அது தெரியும் என்ற மயக்கம் வந்துவிடும். இப்போதுதான் வானொலியைத் திருப்பியவர் ஐந்து நிமிடம் காத்திருந்தும் யார் முன்னிலை என்று தெரியாமல் தவிப்பார். அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர், முட்டை வேகவைக்கப் பயன்படும் மூன்று நிமிட மணற்கடிகை ஒன்றை மேசையில் வைத்திருப்பார். மணல் இறங்கி முடிந்ததும் ஸ்கோரைச் சொல்லிவிட்டு அதைத் திருப்பிவைப்பார். நீங்களும் அப்படி ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

தமிழில் வர்ணிப்பவருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "வலது ஓரத்திலிருந்து உள்ளே வந்த உயரமான பந்தை, இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே எழும்பிய முன்கள வீரர், தலையால் முட்டி, வலைக்குள் செலுத்தினார்" என்பது எழுத்தில் அழகான வாக்கியம். மைக்கில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மைதானமே ஆர்ப்பரித்து ஓய்ந்திருக்கும். கேட்பவருக்கோ கடைசிச் சொல் வரும்வரை அது கோலா இல்லையா என்று தெரியாது. எனவே வினையைச் சிறு சிறு துண்டுகளாக முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்: "வலது ஓரம். உயரத் தூக்கிப் போடுகிறார். எழும்புகிறார்கள். தலையால் முட்டினார், கோல்!" ஒவ்வொரு துண்டும் தனக்குத் தானே முடிந்துவிடுகிறது. ஆட்டம் எந்த இடத்தில் அறுந்தாலும் உங்கள் வாக்கியம் அறுந்து தொங்காது. நடந்துகொண்டிருப்பதை நிகழ்காலத்திலும் முடிந்துபோனதை இறந்தகாலத்திலும் சொல்வது இந்தத் துண்டுகளைத் தெளிவாக வைத்திருக்கும். "எழும்புகிறார்" என்றால் பந்து இன்னும் காற்றில் இருக்கிறது. "முட்டினார்" என்றால் முடிவு வந்துவிட்டது. காலம் ஒன்றை வைத்தே கேட்பவர் மூச்சைப் பிடிக்கிறார், விடுகிறார். நம் மொழி நமக்குத் தரும் இந்த வசதியை இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்தது, ஒட்டுச் சொற்கள். "பார்த்தீர்களானால்", "என்றே சொல்லலாம்", "மிக அருமையான". உங்கள் பதிவைக் கேட்டு இவற்றை எண்ணுங்கள். ஓர் ஆட்டத்தில் நாற்பது "அருமை" வந்தால், நாற்பத்தொன்றாவது "அருமை" ஆட்டத்தையே மாற்றிய தருணத்துக்கானதாக இருந்தாலும் யார் காதிலும் ஏறாது. குரலின் ஏற்றமும் அப்படித்தான். நடுக்களத்தில் பந்து உருளும்போதே உச்சத்துக்குப் போய்விட்டால், கோல் விழும்போது மேலே போக இடம் இருக்காது.

சொற்களால் மட்டுமே ஆட்டத்தை எழுப்ப முடியும் என்பதற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. 1938-இல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்தில் ஆடியபோது, ஆஸ்திரேலியாவின் ஏபிசி வானொலியார் சிட்னி வானொலி அரங்கத்திலேயே அமர்ந்து, கடல்கடந்து வந்த தந்திச் செய்திகளை வைத்து அந்த ஆட்டங்களை நேரில் பார்ப்பதுபோல் வர்ணித்தார்கள். மரக்கட்டையில் பென்சிலால் தட்டினால் மட்டையில் பந்து பட்ட ஓசை. இசைத்தட்டிலிருந்து கூட்டத்தின் கைத்தட்டல். நீங்களும் ஓர் ஆட்டத்தின் பந்துவாரி எழுத்துக் குறிப்பை எடுத்துக்கொண்டு, அதை மட்டும் வைத்து இரண்டு ஓவர்கள் வர்ணித்துப் பாருங்கள். "4 ரன், கவர் திசை" என்ற வரிக்கு உயிர்கொடுக்க எத்தனை சொற்கள் உங்கள் கையிருப்பில் இருக்கின்றன என்பது உடனே தெரிந்துவிடும்.

ஆட்டத்துக்கு முந்தைய நாட்கள்

ஒரு கால்பந்து ஆட்டம் 90 நிமிடம். அதற்கான தயாரிப்பு ஒன்றிரண்டு முழு நாட்களை விழுங்கும். இரு அணிகளின் வீரர்கள், சட்டை எண், அண்மைய ஆட்டங்கள், காயங்கள், இதற்குமுன் மோதிய வரலாறு என எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்படி ஒரு தாளில் வர வேண்டும். பக்கங்களைப் புரட்டித் தேட நேரம் இருக்காது. இரு அணிக்கும் இரு நிறம். ஆடும் இடத்துக்கேற்பப் பெயர்களைத் தாளில் அடுக்குவது நல்லது. எழுதியதில் பத்தில் ஒன்றைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தாலே அதிகம். எழுதியதை எல்லாம் சொல்லித் தீர்க்க வேண்டும் என்று நினைத்தால் அது வர்ணனையாக இருக்காது, பட்டியல் வாசிப்பாகிவிடும். எழுதும்போது அந்தப் பெயர்களும் முகங்களும் மனத்தில் பதிகின்றன, அந்தத் தாளின் பெரிய பயன் அதுதான்.

பென்சிலால் எழுதுங்கள். இதைச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. என் தொடக்க நாட்களில், கூரையில்லாத மேடை ஒன்றில் அமர்ந்து வர்ணித்தபோது பத்தாவது நிமிடத்தில் தூறல் விழுந்தது. முந்தைய இரவெல்லாம் நீல மையில் எழுதிய தாள் கண்ணெதிரே கரைந்து, பெயர்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. 7-ஆம் எண் யார் என்றே தெரியவில்லை. அன்று கோல் அடித்தவரின் பெயரைத் தவறாகச் சொல்லி, இரண்டு நிமிடம் கழித்துத் திருத்தினேன். ஆட்டம் முடிந்ததும் அவருடைய தந்தை வந்து, "அடித்தது என் மகன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பெயரை எப்படி உச்சரிப்பது என்பதை அந்த வீரரிடமே கேளுங்கள். அதைவிட நம்பகமான வழி கிடையாது. பயிற்சி ஆட்டத்துக்குச் சீக்கிரமே போய், ஒவ்வொருவரும் எப்படி ஓடுகிறார், சாக்ஸை எவ்வளவு இறக்கிவிட்டிருக்கிறார், காலணி என்ன நிறம், முடி எப்படி என்று குறித்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து பார்க்கையில் சட்டை எண் மறைந்துபோகும், நடை மறையாது. விதிப் புத்தகத்தையும் ஆண்டுதோறும் புதிதாகப் படித்தாக வேண்டும். கால்பந்தில் கைபட்டால் குற்றமா என்ற ஒன்றையே அடிக்கடி திருத்தியிருக்கிறார்கள்.

பெட்டிக்குள்

வர்ணனைப் பெட்டியின் கருவிகள் எளியவைதான். சத்தமான மைதானங்களில் உதட்டோடு ஒட்டிப் பிடிக்கும் மைக் தருவார்கள். மேலுதட்டில் அழுத்தமாக வைத்துக்கொண்டால் வாய்க்கும் மைக்குக்கும் இடைவெளி மாறாது, கூட்டத்தின் இரைச்சலும் உங்கள் குரலை விழுங்காது. தொடக்கத்தில் மூக்கை இடிப்பதுபோல் இருக்கும், பழகிவிடும். மேசையில் இருமல் பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்தியிருக்கும்வரை உங்கள் ஒலி வெளியே போகாது. அமர்ந்தவுடன் அது எங்கே இருக்கிறது என்று கையால் தொட்டு அறிந்துகொள்ளுங்கள், கண் ஆட்டத்தைவிட்டு அகலாமல் விரல் அங்கே போக வேண்டும். குளிர்ந்த நீர் வேண்டாம். சாதாரண நீரை அவ்வப்போது ஒரு மடக்கு. வானொலியின் நீண்ட கிரிக்கெட் வர்ணனையில் 20 நிமிடத்துக்கு ஒருவர் மாறுவது பழைய வழக்கம். கவனம் தளர்ந்து பிழைகள் தொடங்குவதற்குள் எழுந்துவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

தொலைக்காட்சி: எதைச் சொல்லாமல் விடுவது

வானொலியில் நன்றாக வர்ணித்தவர்கள் தொலைக்காட்சிக்கு வந்ததும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். படம் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருக்கும்போது "இடது காலால் உதைத்தார்" என்று சொல்வது பார்ப்பவரின் கண்ணைச் சந்தேகிப்பதுபோல் ஆகிவிடும். பெயரைச் சொல்லுங்கள், படத்தில் தெரியாததைச் சொல்லுங்கள், மற்ற நேரத்தில் நிறுத்துங்கள். மைதானத்தைப் பார்த்துப் பேசக்கூடாது, எதிரே இருக்கும் திரையைப் பார்த்துப் பேச வேண்டும். வீட்டில் இருப்பவர் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். இடையிடையே தலையை உயர்த்தி, கேமரா காட்டாத எதையாவது, பெஞ்சில் நடக்கும் ஓர் அசைவை, நடுவரின் கையில் ஒரு சைகையைக் கண்டு சொன்னால் அது பொன்.

1974 ஏப்ரல் 8 அன்று அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரன் தன் 715-ஆவது ஹோம் ரன்னை அடித்து, பேப் ரூத்தின் சாதனையைக் கடந்தார். அந்தப் பந்து வேலியைத் தாண்டியதைச் சொல்லிவிட்டு, வர்ணனையாளர் வின் ஸ்கல்லி மைக்கை விட்டுப் பின்வாங்கிவிட்டார். சற்று நேரம் கூட்டத்தின் முழக்கமும் வாணவேடிக்கையும் மட்டுமே ஒலித்தன. கறுப்பின வீரர் ஒருவருக்கு அமெரிக்கத் தெற்கில் மக்கள் எழுந்து நின்று கைதட்டுவதன் பொருளை, அதன் பிறகுதான் அவர் பேசினார். தொடக்கக்காரர் ஒருவருக்கு அந்த அமைதி எவ்வளவு கடினம் என்று மைக் முன் அமர்ந்தவர்களுக்குத் தெரியும். பத்து விநாடி மௌனம் பத்து நிமிடம்போல நீளும். விட்டுவிடுங்கள், நீளட்டும்.

ஆய்வாளரோடு பங்கிட்டுக்கொள்ளும்போது பொதுவான வழக்கு ஒன்று உண்டு: ஆட்டம் உயிரோடு ஓடுவது வர்ணனையாளருடையது, மறுஒளிபரப்பு ஆய்வாளருடையது. பந்து மீண்டும் உருளத் தொடங்கினால் எவ்வளவு நல்ல கருத்தாக இருந்தாலும் ஆய்வாளர் பாதியில் நிறுத்திவிட வேண்டும். கையைத் தொட்டோ விரலை உயர்த்தியோ ஒருவருக்கொருவர் முறை கேட்டுக்கொள்ளும் சைகைகளை ஆட்டத்துக்கு முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

தொகுப்பாளரின் காதுக்குள்

தொகுப்பாளராக வேண்டுமென்றால் நீங்கள் கற்க வேண்டிய தனித் திறமை, பேசிக்கொண்டே கேட்பது. காதில் செருகிய சிறு கருவியில் இயக்குநர், தயாரிப்பாளர், நேரம் எண்ணுபவர் என்று மூன்று குரல்கள் ஓடும். "விளம்பரத்துக்கு முப்பது", "விருந்தினரை மாற்று", "மைதானத்தில் பேட்டி தயார்". இவற்றைக் கேட்டது உங்கள் முகத்தில் தெரியக்கூடாது. எண்ணிக்கை பத்திலிருந்து இறங்கி பூஜ்யத்தைத் தொடும் நொடியில் உங்கள் கடைசிச் சொல் முடிந்திருக்க வேண்டும். ஒரு விநாடி நீண்டால் விளம்பரம் உங்கள் வாக்கியத்தை வெட்டிவிடும்.

வீட்டுப் பயிற்சி: காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நண்பர் ஒருவரைக் கைப்பேசியில் அழையுங்கள். நீங்கள் ஒரு விளையாட்டுச் செய்தியைச் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். அவர் உங்கள் காதில் எண்களையும் பெயர்களையும் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். சரியாக 60 விநாடியில் முடித்துவிட்டு, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். முதல் வாரம் தலை சுற்றும். ஒரு மாதத்தில் வந்துவிடும்.

பேட்டி

தோல்வியடைந்து வியர்வையோடு வெளியே வரும் வீரரிடம் "எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்பது கேள்வியே இல்லை. மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கோத்துவிட்டு "அதைப் பற்றி?" என்று மைக்கை நீட்டுவதும் அப்படித்தான்; அவர் மூன்றில் சுலபமானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒரே கேள்வி, குறுகிய கேள்வி, அவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி: "கடைசிப் பந்துக்கு முன்னால் ஃபீல்டரைப் பின்னுக்கு அனுப்பினீர்கள். எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள்?" பதில் வரும்போது அடுத்த கேள்வியை யோசிக்காமல் கேளுங்கள். நல்ல இரண்டாவது கேள்வி எப்போதும் முதல் பதிலுக்குள்தான் இருக்கும்.

ஆட்டம் நின்றுபோகும் நாள்

எந்தப் பயிற்சி வகுப்பிலும் போதிய நேரம் ஒதுக்கப்படாத பகுதி இது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணியினர் பிணைக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டபோது, அமெரிக்க ஏபிசி தொலைக்காட்சியின் விளையாட்டுத் தொகுப்பாளர் ஜிம் மெக்கே பல மணி நேரம் நேரலையில் அமர்ந்து அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. 11 பேரும் இறந்துவிட்டார்கள் என்ற முடிவையும் அவர்தான் அறிவித்தார். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்தில் சுருண்டு விழுந்தார். சக வீரர்கள் அவரைச் சுற்றி அரணாக நின்றார்கள். அந்த நிமிடங்களில் உலகெங்கும் வர்ணனையாளர்கள் ஏதாவது சொல்லியாக வேண்டிய நிலையில் இருந்தார்கள்.

அப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரலாம். உறுதியானதை மட்டும் சொல்லுங்கள். காயத்தின் பெயரை ஊகிக்காதீர்கள், நீங்கள் மருத்துவர் இல்லை. அவருடைய தாயோ மனைவியோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் எடுங்கள். குரலைத் தாழ்த்துங்கள். ஸ்கோர் பற்றிய பேச்சு அப்போது வேண்டாம்.

உள்ளே நுழைவது

கல்லூரி வானொலி, சமுதாய வானொலி, இணையத்தில் நேரலையாகப் போகும் சிறு லீக் ஆட்டங்கள் எல்லாமே நல்ல வாசல்கள். கேட்பவர்கள் இருபது பேர் என்றாலும் அங்கே நீங்கள் செய்யும் தவறுகள் உங்களைப் பிற்காலத்தில் காப்பாற்றும். மாதிரிப் பதிவு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் போதும். சிறந்ததை முதல் முப்பது விநாடியில் வையுங்கள்; தயாரிப்பாளர்கள் அதற்குமேல் கேட்பது அபூர்வம். கோல் விழும் கட்டத்தை மட்டும் வெட்டி அனுப்பாமல், ஒன்றுமே நடக்காத இரண்டு நிமிடத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மந்தமான ஆட்டத்தை ஒருவர் எப்படித் தாங்கிப்பிடிக்கிறார் என்பதைத்தான் அனுபவமுள்ள காது தேடும். ஒரே விளையாட்டில் ஊன்றி நின்று, கூடவே யாரும் அதிகம் எடுத்துக்கொள்ளாத இன்னொன்றையும் கற்றுவையுங்கள். ஹாக்கிக்கோ தடகளத்துக்கோ ஆள் தேவைப்படும் நாளில் உங்கள் பெயர் நினைவுக்கு வரும்.

பெண்கள் தயங்காமல் வர வேண்டும். இந்தியாவில் 1970களிலேயே சந்திரா நாயுடு கிரிக்கெட் வர்ணித்தார். ஆனாலும் பிபிசியின் முதன்மைக் கால்பந்து நிகழ்ச்சியில் ஒரு பெண் குரல், ஜாக்கி ஓட்லியின் குரல், ஒலிக்க 2007 ஆனது. திறமை குறைந்ததால் ஏற்பட்ட தாமதம் அல்ல அது.

வருமானம் பெரும்பாலும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தமாகத்தான் இருக்கும். சீசன் முடிந்தால் வேலையும் நின்றுவிடலாம். பயணச்செலவு யாருடையது, ஆட்டம் மழையால் ரத்தானால் ஊதியம் உண்டா என்ற இரண்டையும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். நீங்கள் பேசும் விளையாட்டில் பந்தயம் கட்டாதீர்கள், அணித்தேர்வு பற்றி முன்கூட்டியே காதில் விழுந்ததை யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஆட்டம் முடிந்த பின்

அன்றிரவு வேண்டாம், மறுநாள் காலையில் உங்கள் பதிவை முழுதாகக் கேளுங்கள். கையில் ஒரு தாள். ஸ்கோர் சொல்லாமல் கடந்த நீண்ட இடைவெளி எவ்வளவு என்று கடிகாரத்தில் பாருங்கள். எந்தப் பெயரில் தடுக்கினீர்கள், எந்த இடத்தில் பக்கத்தில் இருந்தவரின் பேச்சை வெட்டினீர்கள், எந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது என்று குறியுங்கள். ஒரே ஒரு குறையை மட்டும் அடிக்கோடிட்டு, அந்தத் தாளை அடுத்த ஆட்டத்தின் அணிப்பட்டியலோடு சேர்த்துக் குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.